எந்த எண்ணால, மிஸ்?

2-இன் 67ஆம் அடுக்கிலிருந்து ஒன்றைக் கழித்தால் 14,75,73,95,25,89,67,64,12,927 வரும். பகா எண் பாடம் வரும்போதெல்லாம் இதைக் கரும்பலகையில் எழுதிப் பிள்ளைகளை வாய்பிளக்க வைப்பது எனக்குப் பிடிக்கும். பிரெஞ்சுத் துறவி மெர்சென் 1644-இல் இதைப் பகா எண்கள் பட்டியலில் சேர்த்தார். இருநூறு ஆண்டுகளுக்கு மேல் கழித்து, 1876-இல், இது பகு எண் என்று லூகா என்பவர் நிரூபித்தார். ஆனால் காரணிகள் கிடைக்கவில்லை. 1903-இல் நியூயார்க்கில் கணிதக் கழகக் கூட்டத்தில் கோல் என்பவர்தான் அவற்றைக் காட்டினார்: 19,37,07,721 மற்றும் 7,61,83,82,57,287.

ஒரு வருடம் எட்டாம் வகுப்பில் ஒரு மாணவி எழுந்தாள். "எந்த எண்ணால வகுபடும்னே தெரியாம, வகுபடும்னு மட்டும் எப்படி மிஸ் சொல்ல முடியும்?"

என் வகுப்பில் யாரும் அதைவிட நல்ல கேள்வி கேட்டதில்லை. எனக்குப் பதில் தெரியவில்லை. "அதெல்லாம் காலேஜ் கணக்கு, இப்ப உனக்குப் புரியாது, உட்காரு" என்றேன். புரியாதது எனக்கு. பழியை அவள் வயதின்மேல் போட்டேன்.

பிறகு தேடிப் படித்தேன். லூகாவின் வழியைப் பின்னாளில் லேமர் என்பவர் எளிமையாக்கியிருக்கிறார். 31-ஐ எடுத்துக்கொள்வோம், அது 2-இன் 5ஆம் அடுக்கைவிட ஒன்று குறைவு. 4-இல் தொடங்கி, வர்க்கப்படுத்தி 2-ஐக் கழிக்க வேண்டும்: 14. மறுபடி செய்தால் 194. 31-ஆல் வகுக்க மீதி 8. எட்டை வர்க்கப்படுத்தி 2-ஐக் கழித்தால் 62, மீதி 0. அடுக்கு 5 என்பதால் மூன்று முறையோடு நிறுத்த வேண்டும். கடைசி மீதி 0 என்றால் பகா எண், இல்லையென்றால் பகு எண். அடுக்கு 67 என்றால் இதையே 65 முறை செய்ய வேண்டும். அங்கே கடைசியில் 0 வருவதில்லை. பகா எண்ணாக இருந்தால் வந்தே தீர வேண்டிய 0 அது. அதனால் எந்தக் காரணியையும் தேடாமலே பகு எண் என்று தீர்ப்புச் சொல்லிவிடலாம். ஏன் வந்தே தீர வேண்டும் என்பதற்கான நிரூபணம் கடினம்தான். ஆனால் வர்க்கம், கழித்தல், மீதி மூன்றும் அவளுக்கு அன்றே தெரியும். 31-க்கு அவளே போட்டுப் பார்த்திருப்பாள்.

இதைப் படித்து முடித்தபோது அவள் அதே பள்ளியில், அடுத்த கட்டடத்தில் ஒன்பதாம் வகுப்பில் இருந்தாள். மதிய இடைவேளையில் போய்ச் சொல்லியிருக்கலாம். போகவில்லை. போயிருந்தால், அன்று எனக்குத் தெரியாமல்தான் உன்னை உட்கார வைத்தேன் என்பதையும் சொல்ல வேண்டியிருக்கும். ஒரு பெண் பிள்ளையின் முன்னால் அதைச் சொல்லக் கூச்சப்பட்டேன். அவள் பத்தாம் வகுப்பு முடித்துப் போகும்வரை வாய் திறக்கவே இல்லை.