சேக்கிழார் என்னுங் குடிப்பெயர்

திருத்தொண்டர் புராணம் அருளிய ஆசிரியருக்குப் பெற்றோர் இட்ட பெயர் அருண்மொழித்தேவர் என்பது சைவநன்மக்கள் அறிந்ததே. ஆயினும் அப்பெயராற் சுட்டி அவரைப் போற்றுவார் மிகச் சிலர். வைகாசிப் பூசத்திற் குருபூசை நிகழ்த்துவாரும், புராணம் படித்துப் பயன் சொல்லுவாரும், ஏடு தொட்டு வணங்குவாரும் எல்லாம் 'சேக்கிழார் பெருமான்' என்றே வழங்குகின்றனர். இயற்பெயர் பின்னிடப் பிறந்த குடியின் பெயர் முன்னின்று, அதுவே ஒருவர்க்குரிய தனிப்பெயர்போல் ஆயிற்று. அக்குடிப்பெயர் அவரோடு தோன்றியதா, அவர்க்கு முன்னும் பின்னும் அதனைத் தாங்கி வாழ்ந்தார் உளரா, உளராயின் அவர்களைப் பற்றிய செய்தியால் ஆசிரியர் வரலாறு எவ்வளவு துணிபு பெறும் என்பன ஆராயத்தக்கன.

முதலிற் சொல்லை நோக்குவாம். 'கிழார்' என்பது உரிமையுடையார் என்னும் பொருட்டு. ஆலத்தூர் கிழார், கோவூர் கிழார், அரிசில் கிழார் எனச் சங்கச் சான்றோர் பலர் ஊர்ப்பெயரோடு சார்த்தி வழங்கப்பெற்றனர். அம்முறையே பற்றிச் 'சே' என்பதும் ஓர் ஊர்போலும் என மயங்குவார் உளர். அம்மயக்கத்தைக் கல்வெட்டே தீர்க்கின்றது. அது பின்னர்க் கூறப்படும். 'சே' என்பது எருது எனக் கொண்டு, எருதுகளை உடைய வேளாண் தலைவர் என்று பொருளுரைப்பதே மரபு. உழுவித்துண்ணும் குடிக்கு இது பொருந்துவதே.

இலக்கணம் வல்லார் இவ்விடத்து ஒரு தடை எழுப்புதல் கூடும். தொல்காப்பியர் எழுத்ததிகாரத்திற் 'சே' என்பது மரத்தின் பெயராயின் மெல்லெழுத்து மிகும் என்றும், பெற்றத்தின் பெயராயின் இன்சாரியை பெறும் என்றும் விதித்தார். அவ்விதிப்படி மரமாயிற் சேங்கிழார் என்றும், எருதாயிற் சேவின்கிழார் என்றும் அன்றோ வரற்பாலது, சேக்கிழார் என்று வல்லெழுத்து மிக்கது யாங்ஙனம் என்பது அத்தடை. மக்கள் நாவில் நெடுங்காலம் வழங்கிய பெயர்கள் இலக்கணியின் இசைவு கேட்டு நிற்பன அல்ல. எருதினை உடைய கிழார் என இரண்டனுருபும் பயனும் உடன்தொக்கு, வழக்குப் பற்றி வல்லெழுத்து மிகுந்து நின்றதெனக் கோடலே அமைவுடைத்து. இதன்மேலும் இழுத்து வாதிடுதல் வீண்.

இனிக் கல்வெட்டுக்கள். கல்லிற் பொறித்த எழுத்துத் தவறாது என்று கருதுவார்க்கு ஒன்று சொல்லல் வேண்டும். சோழர்காலக் கல்லெழுத்திற் புள்ளி பெரும்பாலும் இடப்படுவதில்லை. எகர ஏகாரங்களுக்கும், ஒகர ஓகாரங்களுக்கும் வடிவ வேற்றுமையும் இல்லை. இன்று நாம் எழுதும் வேற்றுமை வீரமாமுனிவர் (1680–1747) காலத்தின்பின் நிலைத்தது. ஆகவே கல்லில் உள்ளது 'செககிழான' என்னும் வடிவமே. அதனைச் சேக்கிழான் என்று நெடிலாக்கியும் புள்ளியிட்டும் படிப்பது எதனால்? திருத்தொண்டர் புராணத்தை வழிவழியாக ஓதி வந்தோர் செவிவழிக் காத்த ஒலியினாலன்றோ? ஏட்டின் மெய்ம்மையைக் கல்லால் அளக்கப் புகுவார், அக்கல்லைப் படித்தற்கே ஏட்டின் துணை வேண்டியிருத்தலை மறவாதிருப்பாராக.

தென்னாட்டுக் கல்வெட்டுக்களை முறையாகப் படியெடுக்கும் பணி 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஊல்ச் என்பார் காலத்தே தொடங்கி, தென்னிந்தியக் கல்வெட்டுக்களின் முதற்றொகுதி 1890-இல் வெளிவந்தது. அதன்பின் ஆண்டுதோறும் வெளிவந்த அறிக்கைகளிற் சேக்கிழான் என்னும் அடைமொழி பூண்ட பலர் வெளிப்பட்டனர். காவனூர்ச் சேக்கிழான் என ஒருவர், குன்றத்தூர்ச் சேக்கிழான் எனப் பிறர் பலர். காவனூராருட் சிலர் அநபாயன் காலமாகிய 12-ஆம் நூற்றாண்டுக்கு முற்பட்டவர். இவ்விரண்டு தொடர்களே மேற்கூறிய மயக்கத்தை நீக்குவன. ஊரின் பெயர் முன்னே தனியாக நிற்கின்றது. ஊர் மாறினும் 'சேக்கிழான்' மாறவில்லை. ஆகவே அஃது ஊர்ப்பெயரும் அன்று, ஒருவர்க்கே உரிய இயற்பெயரும் அன்று. தொண்டைநாட்டில் ஒன்றுக்கு மேற்பட்ட ஊர்களிற் பரவி வாழ்ந்த ஒரு வேளாண்குடியின் பெயர் என்பது தெளிவு. நம் ஆசிரியர் பிறந்தபொழுதே அக்குடி பழமையும் பெருமையும் உடையதாய் இருந்தது.

கல்வெட்டில் ஒருவரைக் குறிக்கும் முறை ஊன்றி நோக்கத்தக்கது. மண்டலம், கோட்டம் அல்லது வளநாடு, நாடு, ஊர், குடி, தந்தை பெயர், தன் பெயர், அதன்மேல் 'ஆன' என்னும் சொல்லால் இணைக்கப்பட்ட அரசியற் பட்டம் என்பதே அம்முறை. சயங்கொண்ட சோழமண்டலத்துப் புலியூர்க் கோட்டமான குலோத்துங்கசோழ வளநாட்டுக் குன்றத்தூர் நாட்டுக் குன்றத்தூர் என்றிவ்வாறு விரியும் அத்தொடரை ஒருமுறை படித்தார்க்கு அம்மனிதனது நிலமும் குலமும் ஒருங்கே விளங்கும். இக்காலத்தாரோ தந்தை பெயரின் முதலெழுத்தொன்றைத் தம் பெயர்க்கு முன் வைத்து எழுதி அமைவர். பாட்டன் பெயர் ஒரு தலைமுறைக்குள் மறைந்துபோம். பிறந்த ஊரும் குடியும் கேட்பார் கேட்டாலன்றித் தோன்றா. எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் விளக்குக்கு ஆடு விட்ட ஒருவனை அறிதல் எளிதாகவும், மூன்று தலைமுறைக்கு முற்பட்ட நம் முன்னோனை அறிதல் அரிதாகவும் இருப்பது வியப்பே.

இம்முறை திருத்தொண்டர் புராணத்தும் அமைந்திருத்தலைக் கண்டு மகிழாதார் யார்? திருநாவுக்கரசு நாயனார் வரலாற்றை எடுத்துக்கொள்வோம். நாடு திருமுனைப்பாடி, ஊர் திருவாமூர், குலம் வேளாளர், குடி குறுக்கையர் குடி, தந்தையார் புகழனார், தாயார் மாதினியார், பிள்ளைத் திருநாமம் மருணீக்கியார். அதன்பின் சமணர் கொடுத்த தருமசேனர் என்னும் பெயர். இறுதியில் இறைவன் அளித்த நாவுக்கரசர் என்னும் பெயர். ஓலைநாயகமும் திருமந்திர ஓலையும் எழுதுவிக்கும் அரசவையில் அமைச்சுரிமை பூண்டிருந்தவர்க்கு இவ்வடைவு கைவந்ததாதல் இயல்பே. நாயன்மாருடைய நாட்டையும் ஊரையும் அடியார்மனம் உருகப் பாடியவர், அவர்தம் குடிப்பெயரையும் விடாது பொறித்தார். ஞானசம்பந்தப்பிள்ளையாரைக் கவுணியர் குலத்தார் என்றும், கலிக்காமரை ஏயர்குடித் தலைவர் என்றும் அவர் தெரித்துக் கூறுமிடங்கள் வரலாற்றாசிரியன் நாடும் சான்றுகளாகவே நிற்கின்றன. இத்துணை ஒழுங்காகப் பிறர் குடியை எழுதியவர், அரசனாகிய அநபாயனைப் பல இடங்களிற் பாராட்டியவர், தம் பெயரையேனும் தம் குடியையேனும் தம் நூலில் எங்கும் எழுதிற்றிலர்.

அவரைப்பற்றி நாம் அறிவனவெல்லாம் உமாபதி சிவாசாரியார் அருளியதென வழங்கும் சேக்கிழார் புராணத்தால் வருவன. தொண்டைநாட்டு இருபத்துநான்கு கோட்டங்களுள் புலியூர்க் கோட்டத்துக் குன்றத்தூரிற் சேக்கிழார் குடியில் அருண்மொழித்தேவர் தோன்றினார். அவர்க்குப் பாலறாவாயர் என்னும் இளவல் இருந்தார். அநபாயச் சோழன் அவரை அமைச்சராக்கி உத்தமசோழப் பல்லவர் என்னும் பட்டம் ஈந்தான். அவர் சோழநாட்டுத் திருநாகேச்சரத்தின்பால் ஈடுபட்டுத் தம் ஊரிலும் அப்பெயராற் கோயில் எடுத்தார் என்பன அந்நூற் செய்திகள். அநபாயன் என்பான் 1133-இல் முடிசூடிய இரண்டாங் குலோத்துங்கன் என்பது அறிஞர் துணிபு. உமாபதியார் தம் சங்கற்ப நிராகரணத்திற் குறித்த சக ஆண்டு 1235, அஃதாவது கி. பி. 1313. அமைச்சர் வாழ்ந்த காலத்துக்கும் அவர் வரலாறு எழுதப்பட்ட காலத்துக்கும் இடையே ஒன்றரை நூற்றாண்டுக்குக் குறையாத இடைவெளி உண்டு. இவ்விடைவெளியில் வரலாறு புனைந்துரையாய்த் திரிந்திராது என்பதற்கு உறுதி யாது என்று வினவுவார் வினவுவர். அவ்வினாவைப் பழிப்பதிற் பயனில்லை.

அதற்கு விடைபோல வந்தது திருமழபாடிக் கல்வெட்டு. கொள்ளிடத்தின் வடகரையில் மூவர் பாடலும் பெற்று விளங்கும் அத்தலத்தில், அநபாயனுக்குப்பின் அரசாண்ட இரண்டாம் இராசராசன் (1146–1173) காலத்தில், குன்றத்தூர்ச் சேக்கிழான் மாதேவடிகள் இராமதேவனான உத்தமசோழப் பல்லவராயன் என்பவர் திருவிளக்கெரிக்க ஆடுகள் விட்டமை அதனாற் புலனாகின்றது. ஊர் ஒத்தது, குடி ஒத்தது, பட்டம் ஒத்தது, காலமும் ஒத்தது. ஒவ்வாதது ஒன்றே: இயற்பெயர். உமாபதியார் அருண்மொழித்தேவர் என்கின்றார். கல்லோ மாதேவடிகள் மகன் இராமதேவன் என்கின்றது.

இதுகொண்டு அறிஞர் இருதிறப்பட்டனர். ஒருசாரார் இராமதேவன் என்பதே ஆசிரியரின் இயற்பெயர் எனக் கொண்டு, அருண்மொழி என்பதைப் பின்வந்த சிறப்புப்பெயராகக் கருதினர். அருண்மொழி என்பது முதலாம் இராசராசனுக்கு உரிய பெயராதலின், அரசியற் பணியில் உள்ள குடியினர் அதனைச் சிறப்பாகப் பூணுதல் ஒல்லும் என்பது அவர் கருத்து. மற்றொருசாரார் இராமதேவன் ஆசிரியரின் உறவினருள் ஒருவனாவன், ஒரு பட்டம் ஒரு குடியில் ஒருவர்பின் ஒருவர்க்கு வருதல் உண்டு என்றனர்.

பட்டம் ஒன்றையே பற்றி ஒருவரை மற்றொருவராகத் துணிதல் பெரும்பிழைக்கு இடனாம். அவ்விராசராசன் அவையிலேயே பல்லவராயர் என்னும் பட்டம் பூண்ட வேறொரு பேரமைச்சர் இருந்தார். ஆமூர்க்கோட்டத்துக் காரிகைக்குளத்தூர்த் திருச்சிற்றம்பலமுடையான் பெருமான்நம்பி என்னும் அவர், இராசராசனுக்குப்பின் இரண்டாம் இராசாதிராசனை அரியணை ஏற்றிய வரலாற்றைப் பல்லவராயன்பேட்டைக் கல்வெட்டு விரித்துரைக்கின்றது. அவரும் தொண்டைநாட்டினர், அவரும் பல்லவராயர், ஆயினும் சேக்கிழான் அல்லர். இவ்விருவரையும் பிரித்துக் காட்டுவது அக்குடிப்பெயரே. அதுபோலவே குன்றத்தூர்ச் சேக்கிழார் குடியுள் ஒருவரை மற்றொருவரினின்று பிரித்துக் காட்டுவது தந்தை பெயரும் தன் பெயருமாம். அவ்விரண்டும் மாறிநிற்குமிடத்து, ஊரும் பட்டமும் ஒத்தமைபற்றி இவரே நம் பெருமான் என்று அடித்துச் சொல்லுதல் அன்பினால் விளைவது, ஆராய்ச்சியால் விளைவதன்று. வழக்குமன்றத்தில் ஒரு நிலவுரிமை இச்சான்றால் நிலைபெறாது.

அங்ஙனமாயின் கல்வெட்டால் ஊதியம் இல்லையோவெனின், பெரிதும் உண்டு. குன்றத்தூரிற் சேக்கிழார் என்றொரு குடி இருந்ததும், அக்குடியினர் சோழர் அரசியலில் உயர்நிலை எய்தியதும், உத்தமசோழப் பல்லவராயன் என்னும் பட்டம் அக்காலத்தே அக்குடியினர்க்கு வழங்கியதும் ஐயத்துக்கு இடமின்றி விளங்கின. உமாபதியார் கற்பனையால் இட்டதென்று எவரும் எளிதிற் சொல்லியிருக்கக்கூடிய பட்டப்பெயர், அவர் காலத்துக்குப் பல தலைமுறை முன்னரே கல்லிற் பொறிக்கப்பட்டிருந்தது. சேக்கிழார் புராணச் செய்தியின் அடிப்படை மரபு தூயது என்பதற்கு இதனினும் வேண்டுவது யாது? இராமதேவன் ஆசிரியரேயாயினும், தமையனோ தம்பியோ சிற்றப்பனோ ஆயினும், இப்பயன் குறைவதில்லை.

திருமழபாடி நந்திதேவர் திருமணங் கொண்டருளும் தலம். சேவினைப் பெயரிற் கொண்ட குடியினர் அங்கே விளக்கிட்டது உள்ளத்துக்கு இனிய ஒற்றுமையே. அதனைச் சான்றாகக் கொள்ளுவார் இரார் என நம்பலாம்.

பாலறாவாயர் பெயரும் இத்தகையதே. பாலறாவாயன் என்பது ஞானசம்பந்தப்பிள்ளையாரை நினைந்து இட்ட பெயர். குன்றத்தூர்ச் சேக்கிழான் பாலறாவாயன் களப்பாளராயன் எனக் கல்வெட்டில் ஒருவர் காணப்படுகின்றார். மேற்கூறிய அடைவின்படி பாலறாவாயன் தந்தை பெயரெனின், களப்பாளராயன் என நின்றது பட்டமாய் இயற்பெயர் தொக்கதாகலாம். பாலறாவாயனே இயற்பெயரெனின், களப்பாளராயன் அவர் பெற்ற பட்டமாம். எவ்வாற்றானும் அப்பெயர் அக்குடியில் வழங்கியமை உறுதி. ஆசிரியரின் இளவலே இவர் என்று நாட்டுதற்கு இஃதொன்று போதாது. பாட்டன் பெயரைப் பேரனுக்கு இடுதல் தமிழர் வழக்காதலின் ஒரே பெயர் ஒரு குடியில் திரும்பத் திரும்ப வரும். மெய்கண்டதேவ நாயனாரின் தந்தையாரும் அச்சுதகளப்பாளர் எனப்பட்டமையை எண்ணி, 'களப்பாளர்' என்னும் சொல்லளவில் இவ்விரு குடிகளையும் உறவாக்கிய கட்டுரைகளும் உண்டு. அவை படித்தற்குச் சுவையுடையன, அவ்வளவே.

சேக்கிழார் குடியைப் பற்றிய கல்லெழுத்துக்கள் முற்றும் தொகுத்து ஓரிடத்தே ஊரும் ஆட்சியாண்டும் தந்தை பெயரும் நிரல்பட வைத்து ஆராயப்பெறின், இராமதேவனுக்கும் அருண்மொழித்தேவருக்கும் உள்ள உறவு ஒருகால் வெளிப்படலாம். அதற்குக் கற்கள் இருத்தல் வேண்டும். திருப்பணி என்னும் பெயரால் மதிற்கற்களை இடம் மாற்றி அடுக்குதலும், சுவர்க்குச் சுண்ணமும் வண்ணமும் பூசுதலும், மணலை விசையோடு வீசிக் கல்லைத் துலக்குதலும் பல கோயில்களின் எழுத்துக்களை அழித்துவிட்டன. விளக்கிட்டவன் பெயரை அழித்துவிட்டு அவ்விடத்தே மின்விளக்கு ஈந்தவர் பெயரைப் பளிங்கிற் பொறித்தலும் காண்கின்றோம். தொண்டைநாட்டுச் சிவாலயங்களுள் இன்னும் படியெடுக்கப்படாத சுவர் எங்கேனும் உளதாயின், கும்பாபிடேகத்துக்கு நாள் குறிக்குமுன் எழுத்தறிவார் ஒருவரை அழைத்து அதனைக் காட்டுதல் அவ்வக் கோயிலார் கடன்.