லோயர் ஆர்ம் போல்ட்

ராயபுரம் பக்கம் ஒரு சின்ன ஒர்க்‌ஷாப். 1998 மாடல் மாருதி 800 ஒன்று ஸ்டாண்டில் நிற்குது.

கடல் காத்து பட்டே வளர்ந்த வண்டி. சக்கரத்தை பாடியோட இணைக்கிற லோயர் ஆர்மோட புஷ்ஷை மாத்தணும். அதோட போல்ட்டை முந்தின நாளே கம்பி பிரஷால தேய்ச்சு, எண்ணெய் அடிச்சு ஊற வெச்சிருந்தாங்க. பையன் ஸ்பேனர்ல பைப்பை மாட்டப் போனான். மெக்கானிக் தடுத்தார். "முதல்ல லேசா இறுக்குடா, அப்புறம் லூஸ் பண்ணு." டக்குன்னு ஒரு சத்தம். நட் கழன்றது.

போல்ட் மட்டும் வரலை.

ஆர்மோட ரப்பர் புஷ்ஷுக்குள்ளே ஒரு இரும்புக் குழாய் இருக்கும். போல்ட் அதோட ஒட்டிப்போயிருந்தது. துரு, தான் தின்ற இரும்பைவிட அதிக இடம் பிடிக்கும். அதனாலதான் இந்தப் பிடி. போல்ட்டைத் திருப்பினா குழாயும் சேர்ந்தே திரும்புது, ரப்பர் முறுக்கி மறுபடி பழைய இடத்துக்கே இழுக்குது. நெருப்பு காட்டினா ரப்பர் எரியும், பக்கத்திலேயே பிரேக் ஹோஸ். கடைசியில் புஷ்ஷுக்கு ரெண்டு பக்கமும் ஹேக்சா பிளேடால அறுத்துத்தான் எடுத்தார். பொறுமைன்னா அதுதான் பொறுமை!

புது புஷ், புது போல்ட் போடுறவங்க ஒண்ணு கவனிங்க. கடைசி இறுக்கத்தை வண்டியைத் தரையில இறக்கி, சக்கரத்தில் எடை விழுந்த பிறகு கொடுங்க. தொங்கும்போதே இறுக்கினா புஷ் முறுக்கிக்கிட்டே இருந்து சீக்கிரம் கிழிஞ்சிடும்.