வாட்ச் பிடிக்கிற இன்ஜினியரிங்



பெறுபேறு வந்ததும் எந்தத் துறைக்குப் போடுவது என்று ஊரே ஆலோசனை சொல்லும். எங்கள் ஆலோசனை ஒன்று பிழைத்துப்போன கதையை எழுதுகிறோம்.

இரண்டு வருடங்களுக்கு முன் மருதமுனையில் கைத்தறி நெய்யும் ஒரு வாப்பா எங்களைத் தேடி வந்தார். மகன் எங்களிடம் கணிதப் பிரிவில் படித்து, பேராதனைப் பொறியியல் பீடத்துக்குப் போனவன். அங்கே முதல் வருடம் எல்லோருக்கும் பொதுப் படிப்பு, அதன் பிறகுதான் துறை பிரிப்பார்கள்.

"சேர், சிவில் இல்லயாம். என்னமோ இன்டஸ்ட்ரியலாம். பெக்டரியில சுப்பவைசர் வேலதானே அது? இதுக்கா ராப்பகலாப் படிச்சான்?"

அந்தத் துறையில் என்ன படிப்பிக்கிறார்கள் என்று எங்களுக்கும் தெரியாது. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "பரவால்ல, அல்லாஹ்ட ஏற்பாடு" என்று மையித்து வீட்டில் கதைக்கிற மாதிரிக் கதைத்து அனுப்பிவிட்டோம்.

போன நோன்பில் பிள்ளை லீவுக்கு வந்திருந்தான். அஸருக்குப் பிறகு பள்ளிவாசல் முன்னால் நின்று கதைத்தோம். கஞ்சிக்கு வாளியோடு சனம் நின்றது. அவன் வரிசையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "நிமிசத்துக்கு மூணு பேர் வாறாங்க, ஒராள் இருபது நிமிசம் நிக்கிறார் எண்டா, வரிசையில எப்பவும் அறுபது பேர் இருப்பாங்க சேர்." பெருக்கல்தான். ஆனால் இது எந்த வரிசைக்கும் பொருந்தும் என்று ஜோன் லிட்டில் என்பவர் 1961இல் நிறுவியிருக்கிறார். வரிசைகளைக் கணக்கால் பிடிக்கும் வேலையை அதற்கு முன்பே, 1909இல், கோப்பன்ஹேகன் தொலைபேசி நிலையத்தில் எர்லாங் தொடங்கிவிட்டார். இரண்டு கிடாரத்துக்கு இரண்டு வரிசை விடுவதை விட, ஒரே வரிசை விட்டு முன்னால் இரண்டு பேர் ஊற்றுவது நல்லதாம். ஒரு கரண்டி சும்மா நிற்க, அடுத்த பக்கம் ஆட்கள் காத்து நிற்கும் நிலை வராது. (பள்ளியில் சொன்னோம். இன்னும் இரண்டு வரிசைதான். அது வேறு கதை.)

லேத், வெல்டிங், வார்ப்பு எல்லாம் அவர்களுக்கும் உண்டு. அதோடு களஞ்சியத்தில் எவ்வளவு சரக்கு வைப்பது, எந்த லொறியை எங்கே அனுப்பினால் செலவு குறையும், எந்த இயந்திரத்தை எதற்குப் பக்கத்தில் வைப்பது, கதிரையின் உயரம் முதுகுக்கு என்ன செய்யும் என்றெல்லாம் படிக்கிறார்கள். தரக் கட்டுப்பாட்டுக்கு, ஷூஹார்ட் 1924இல் வரைந்த வரைபு இன்றும் பாடத்தில் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது புள்ளிவிபரவியலும் நிகழ்தகவும். இணைந்த கணிதத்தில் கடைசியாக வரும் அந்த அலகை நாங்கள் பரீட்சைக்குக் கிட்ட ஓட்டிவிடுவோம். "அதைத்தான் சேர் நான் அங்க போய் முதல்லயிருந்து படிச்ச" என்றான். வெட்கமாக இருந்தது.

சிவில் கிடைக்காமல் போகவில்லை, தானேதான் இதைக் கேட்டான் என்பதும் அன்றுதான் தெரிய வந்தது. வாப்பாவிடம் சொல்லவில்லையாம்.

காரணம் அவனுடைய ராத்தா. பக்கத்து ஊர் காமன்டில் தைக்கிறா. ஐஈ, எஸ்எம்வி, டார்கட் என்ற சொற்களெல்லாம் இவன் கம்பஸ் போகுமுன்பே ராத்தாவின் வாயில் இருந்தவை. "ஐஈ சேர்மார் வந்து பின்னால நிண்டு வாட்ச் புடிப்பாங்க, அடுத்த நாள் டார்கட் கூடும்" என்பா. தம்பி அதையே படிக்கிறான் என்று தெரிந்தபோது, "எங்களுக்கு வாட்ச் புடிக்கப் போறியா?" என்று மட்டும் கேட்டாவாம்.

அந்தக் கணக்கை எங்களுக்கு ஒரு கொப்பியில் போட்டுக் காட்டினான். ஒரு தையலுக்கு வாட்சில் 0.50 நிமிடம் வருகிறது என்று வையுங்கள். அப்படியே பிரித்தால் மணிக்கு 120. ஆனால் பாடம் அப்படிச் சொல்லவில்லை. பின்னால் ஆள் நிற்கும்போது பயத்தில் வேகமாகத் தைப்பார்கள். வழமையான வேகம் 100 என்றால் இது 110 என்று பார்ப்பவர் மதிப்பிட வேண்டும். அப்போது 0.55 நிமிடம். அதற்கு மேல் சலுகை நேரம் சேர வேண்டும். சர்வதேச தொழில் தாபனம் 1957இல் முதலில் வெளியிட்ட வேலை ஆய்வு நூலின் அட்டவணையில், பெண்களுக்குச் சொந்தத் தேவைக்கு 7 வீதம், அடிப்படைக் களைப்புக்கு 4 வீதம் என்று இருக்கிறது. நின்று செய்யும் வேலை, சூடு, சத்தம் என்றால் இன்னும் கூடும். 11 வீதத்தை மட்டும் சேர்த்தாலே நியம நேரம் 0.61 நிமிடம் ஆகிறது. மணிக்கு 98.

120க்கும் 98க்கும் இடையில் 22 உருப்படி. மலசலகூடம், தண்ணீர், இடுப்பு நிமிர்த்துகிற நேரம் எல்லாம் அதற்குள்தான். மதிப்பீட்டைப் பிழையாகப் போட்டாலும், சலுகையை விட்டுவிட்டாலும், பேப்பரில் ஓர் இலக்கம்தான் மாறும். அங்கே அது ஒரு பிள்ளையின் சிறுநீரகத்தில் போய் நிற்கும்.

"படிச்சு முடிச்சு வேலைக்குப் போனா, மேல இருந்து 120ஐப் போடு எண்டு சொன்னா என்ன செய்வாய்?" என்று கேட்டோம். கொஞ்ச நேரம் கொப்பியையே பார்த்துக்கொண்டிருந்தான். "தெரியா சேர். ஆனா 98 எப்புடி வந்த எண்டு எழுதித் தாற ஒராளாவது அந்த மேசையில இருக்கணும்தானே" என்றான். அதற்குள் பாங்கு சொல்லிவிட்டது, நோன்பு திறக்கப் போனோம்.

பெருநாள் முடிந்து அவன் போன பிறகு, வாப்பாவின் தறிக்குப் போய் விளங்கப்படுத்தினோம். ஆறுதல் சொல்லி அனுப்பியது எங்கள் பிழை என்றும் சொன்னோம். சாரிக்கு இவ்வளவு என்று கூலிக்கு நெய்கிறவருக்கு அந்தக் கணக்கு எங்களை விட வேகமாக விளங்கியது. "அப்ப எங்கட கூலி வெக்கக்குள்ள ஆரு வாட்ச் புடிச்ச?" என்று கேட்டார். எங்களிடம் பதில் இருக்கவில்லை.

இந்த முறை கணிதப் பிரிவுப் பிள்ளைகளுக்கு நிகழ்தகவு இரண்டாம் தவணையிலேயே தொடங்குகிறோம். துறை தெரிவு பற்றிக் கேட்க விரும்பும் வாப்பா உம்மாமார் வெள்ளி பின்னேரம் வாருங்கள். எங்களுக்குத் தெரியாததை, படித்த பிள்ளைகளிடம் போன் போட்டுக் கேட்போம்.