ஹர்கிலாவுக்கு வளைகாப்பு

ஆய்வேடு தாமதமாவதற்குப் பல்கலைக்கழகங்கள் ஏற்றுக்கொள்ளும் காரணங்கள் சில உண்டு: நோய், மகப்பேறு, நெறியாளரின் பணிமாற்றம். ஊர்ப் பெண்களைக் கூட்டிப் பறவைக்கு வளைகாப்பு நடத்தியது அவற்றுள் ஒன்றன்று. அசாமைச் சேர்ந்த பூர்ணிமா தேவி பர்மன் 2007இல் முனைவர் பட்ட ஆய்வைத் தொடங்கினார். பட்டம் பெற்றது 2019இல். இடைப்பட்ட ஆண்டுகளில் அவர் செய்தது என்ன என்பதைச் சுற்றுச்சூழல் கல்வி பற்றிப் பேசுவோர் சற்று நின்று பார்க்க வேண்டும்.

அவர் ஆராய்ந்த பறவை ஹர்கிலா. அசாமிய மொழியில் 'எலும்பை விழுங்குவது' என்று பொருள். ஏறத்தாழ ஐந்தடி உயரம், எட்டடி விரிசிறகு, மயிரற்ற தலை, கழுத்தில் தொங்கும் பை. அழகென்று எவரும் சொல்லிவிட முடியாத நாரை. பிணந்தின்னி, குப்பைமேட்டிலும் மேயும். காமரூப் மாவட்டத்துத் தாதரா, பசாரியா, சிங்கிமாரி ஊர்களில் அது கூடு கட்டுவது சரணாலயத்திலன்று, வீட்டுக் கொல்லையில் நிற்கும் கடம்பு போன்ற உயர்ந்த மரங்களில். மேலிருந்து எச்சமும் அழுகிய மீனும் எலும்பும் விழும். நாற்றம் பொறுக்காதவர்கள் அதைத் தீய சகுனம் என்றார்கள், மரத்தை வெட்டினார்கள்.

அப்படி ஒரு மரம் வெட்டப்பட்டு, குஞ்சுகள் தரையில் விழுந்து கிடந்ததை 2007இல் பர்மன் கண்டார். கேள்வி கேட்டபோது ஊரார் சூழ்ந்துகொண்டு ஏளனம் செய்தனர். அவ்வளவு அக்கறையிருந்தால் வந்து எச்சத்தைக் கழுவட்டும் என்றனர். அப்போது அவருடைய இரட்டைப் பெண் குழந்தைகள் கைக்குழந்தைப் பருவம் கடந்திருக்கவில்லை. ஆய்வை ஒத்திவைத்தார்.

அந்த ஏளனத்தில் ஓர் உண்மை இருந்தது. கொல்லையைக் கழுவுகிறவர்கள் பெண்கள். அவர்களை எந்தப் பாதுகாப்புக் கூட்டமும் அழைத்ததில்லை. பர்மன் அவர்களுக்காகச் சமையல் போட்டி வைத்தார். பறவையைப் பற்றிய பேச்சு அதனூடே வந்தது. பிறகு, அசாமில் கருவுற்ற பெண்ணுக்குச் செய்யும் பஞ்சாமிர்தச் சடங்கு ஹர்கிலாவுக்கு நடந்தது. (பழனிப் பிரசாதத்தை எண்ண வேண்டாம், இது வளைகாப்புக்கு ஒப்பானது.) மரத்துக்கு உரியவர்களை ஊரறிய கௌரவித்தனர். மேகலா சாதரில் ஹர்கிலா உருவத்தை நெய்து விற்றனர். கைக்கு வருவாய் வந்தது. மரத்தடியில் வலை கட்டினர்; தவறி விழுந்த குஞ்சுகளை குவாஹாட்டி உயிரியல் பூங்காவில் தேற்றி மீண்டும் பறக்கவிட்டனர்.

ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் திட்டம் 2022இல் பர்மனுக்கு விருதளித்தபோது, ஹர்கிலா படையில் பதினாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் இருந்தனர். 2010இல் அவ்வூர்களில் 28ஆக இருந்த கூடுகள் 250ஐக் கடந்திருந்தன.

சுற்றுச்சூழல் கல்வியை எல்லா நிலைகளிலும் கட்டாயமாக்க உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது 1991இல். அதன் பயனாய் இளநிலை மாணவர் எவரும் ஒரு தாள் எழுதித் தேறாமல் பட்டம் பெறுவதில்லை. ஜூன் 5 வந்தால் பதாகை, உறுதிமொழி, மரக்கன்று, நிழற்படம். அவையும் நிகழ்ச்சிகள்தாம். ஆயினும் அங்கே வந்தவர் எவருக்கும் இழக்க ஒன்றுமில்லை. தாதராவில் கூடியவர்கள் தம் கொல்லையில் நாற்றத்தைத் தாங்கச் சம்மதித்தார்கள். சடங்கு அவர்களுக்குப் புதிய தகவல் எதையும் தரவில்லை. வேண்டாத விருந்தாளியாயிருந்த பறவையைப் பிறந்தகத்துக்கு வந்த மகளாக்கியது.

இதை மிகைப்படுத்திவிடவும் கூடாது. மரத்தைக் காப்பது ஊரால் ஆயிற்று. இரை தேடும் இடம் ஊரின் கையில் இல்லை. 2002இல் ராம்சர் பட்டியலில் இடம்பெற்ற தீபோர் பீல் ஈரநிலத்தை ஒட்டித்தான் குவாஹாட்டி நகரம் தன் குப்பையை நெடுங்காலம் கொட்டியது. நகராட்சிக் குப்பையில் ஞெகிழியோடு சேர்த்து இரை பொறுக்கும் பறவைக்கு எத்தனை பஞ்சாமிர்தம் நடத்தினாலும் போதாது.

2023இல் ஐயூசிஎன் சிவப்புப் பட்டியல் ஹர்கிலாவை 'அழியும் நிலையில் உள்ள இனம்' என்ற வகையிலிருந்து விடுவித்தது. மரத்தடி நாற்றம் மட்டும் குறையவில்லை. கூடுகள் பெருகினால் அதுவும் பெருகத்தானே செய்யும். காலையில் கொல்லையைக் கழுவுகிறவர்களும் அதே பெண்கள்தாம்.