விடாமுயற்சியா, விடாமுரண்டா?

டிவி ரிமோட் வேலை செய்யலைன்னா நீங்க என்ன செய்வீங்க? புது பேட்டரி வாங்கிப் போடுவேன்னு சொன்னா நான் நம்ப மாட்டேன். முதல்ல உள்ளங்கையில ரெண்டு தட்டு. அப்புறம் பட்டனை இன்னும் பலமா அமுக்கிப் பார்ப்பீங்க. அப்புறம் பேட்டரி ரெண்டையும் கழட்டி, இடம் மாத்திப் போட்டு, மறுபடியும் தட்டு. புது பேட்டரி கடைசியாத்தான் வரும்.

இந்தத் தட்டலுக்கு எங்க ஹாஸ்டல் ரூம்ல ஒரு பேர் வெச்சிருக்கோம்: 'தட்டுயிர்'. உயிரெழுத்து, மெய்யெழுத்து மாதிரி தமிழுக்கு எங்களோட சின்ன நன்கொடை. நான் எல்.கே.ஜி.யில இருந்து இங்கிலீஷ் மீடியம். இலக்கணம் தெரிஞ்சவங்க மன்னிக்கணும்.

கரண்ட் போன ஒரு ராத்திரி பொழுது போகாம ஆரம்பிச்ச விளையாட்டு இது. ஒரு செயல் பலிக்காதுன்னு தெரிஞ்சும் திரும்பத் திரும்பச் செய்யறோம் இல்லையா, அதுக்கெல்லாம் சொல் கண்டுபிடிக்கணும். புரோகிராம்ல ஒரு எழுத்தைக்கூட மாத்தாம, இந்தத் தடவையாவது ஓடுமான்னு மறுபடி ரன் கொடுக்கறது 'ரன்பாசை', நப்பாசையோட தம்பி. ஒண்ணுமில்லைன்னு தெரிஞ்ச ஃபிரிட்ஜை அஞ்சு நிமிஷத்துக்கு ஒருமுறை திறந்து பார்க்கறது 'திறந்தேமாற்றம்'. தரையில ஒட்டின ஒத்தைத் தலைமுடியைக் குனிஞ்சு கையால எடுக்காம விளக்குமாறால பத்து தடவை கூட்டறது 'கூட்டு முயற்சி'.

இந்தக் கடைசி ஐட்டத்துல அமெரிக்காக்காரங்க எங்களை முந்திட்டாங்க. ரிச் ஹால்னு ஒரு நகைச்சுவைக் கலைஞர், அகராதியில இல்லாத, ஆனா இருந்திருக்க வேண்டிய சொற்களை 1980-கள்ல டிவி நிகழ்ச்சியில சொல்லி, 1984-ல 'ஸ்னிக்லெட்ஸ்'னு புத்தகமாவும் போட்டார். அதுல 'கார்பெர்பெச்சுவேஷன்'னு ஒரு சொல் உண்டு. வேக்குவம் கிளீனர் இழுக்காத நூல் துண்டைக் கையில எடுத்துப் பார்த்துட்டு, குப்பைத் தொட்டியில போடாம, மெஷினுக்கு இன்னொரு சான்ஸ் கொடுக்கத் திரும்பத் தரையிலேயே போடறவங்களுக்கான சொல். எங்க வாடிப்பட்டி வீட்டுல வேக்குவம் கிளீனர் கிடையாது. ஆனா அந்த ஆள் உண்டு. நான்தான்.

அதுக்கும் ரொம்ப முன்னாடியே நம்ம மதுரை மிஷனைச் சேர்ந்த ஒருத்தர் இந்த விஷயத்தைக் கதையாவே எழுதிட்டார். இத்தாலியில இருந்து வந்த வீரமாமுனிவர். அவரோட 'பரமார்த்த குருவின் கதை'யில ஒரு குரு, அஞ்சு சீடர்கள். சீடர்கள் பேரு மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன். 1732-ல 'சதுரகராதி' தொகுத்தவர் இல்லையா, சொல்லுக்கா பஞ்சம்! ஆறு பேரும் ஆத்தைக் கடந்ததும், யாரையும் தண்ணி அடிச்சுட்டுப் போகலையேன்னு எண்ணிப் பார்க்கறாங்க. எண்றவன் தன்னை விட்டுட்டு எண்றான். அஞ்சுதான் வருது. அடுத்தவன் எண்றான், அதே முறை, அதே அஞ்சு. ஒருத்தன் செத்துட்டான்னு ஒப்பாரி வேற. வழிப்போக்கர் ஒருத்தர் வந்து ஆளுக்கு ஒரு அடி கொடுத்து எண்ண வெச்சப்புறம்தான் ஆறு பேர் வர்றாங்க.

நானும் அப்படித்தான் எண்ணிக்கிட்டு இருந்திருக்கேன். என்னோட அடி போன செமஸ்டர் லீவ்ல விழுந்துச்சு.

எங்க அப்பாவுக்குக் கொஞ்சம் தென்னை இருக்கு. அன்னைக்குக் கிணத்து மோட்டார் ஓடல. பச்சை பட்டனை அமுக்கினா 'உம்ம்ம்'னு உறுமுது, கொஞ்ச நேரத்துல ஸ்டார்ட்டர்ல ரிலே டிரிப் ஆகுது. அப்பா ரெண்டு நிமிஷம் பொறுத்து மறுபடி அமுக்கறார். மறுபடி 'உம்ம்ம்'. நான் தோட்டத்துக்குப் போறதுக்குள்ள எத்தனை தடவையோ, காயில் எரிஞ்ச வாடை வந்துருச்சு.

நான் டிரிபிள் இ. அதனால லெக்சர் எடுக்க ஆரம்பிச்சேன். "ஏம்ப்பா, மூணு பேஸ்ல ஒண்ணு வரலைன்னா நிக்கிற மோட்டார் கிளம்பவே கிளம்பாது. மிச்ச ரெண்டுல கரண்ட் பல மடங்கு ஏறி காயில் சூடாகும். ரிலே டிரிப் ஆகுதுன்னா 'என்னைத் தொடாத, காரணத்தைப் பாரு'ன்னு அர்த்தம். நீங்க பாட்டுக்குத் திரும்பத் திரும்ப அமுக்கினா?" பார்த்தா ஒரு பேஸ்ல ஃபியூஸ் போயிருந்துச்சு. ஃபியூஸ் கம்பியில முடிஞ்சிருக்க வேண்டிய வேலை, இப்ப மோட்டாரைக் கழட்டி ரீவைண்டிங் கொடுக்கணும்.

அப்பா கோபப்படல. துண்டால முகத்தைத் துடைச்சுக்கிட்டு, "சரிப்பா. நீ அந்தக் கணக்குப் பேப்பர எத்தன தடவ எழுதிருக்க?"ன்னு கேட்டார். குத்திக் காட்டல. தெரிஞ்சுக்கத்தான் கேட்டார்.

"ரெண்டு"ன்னு சொன்னேன்.

நாலு. மூணாவது செமஸ்டர் மேத்ஸ். நாலு தடவையும் அதே 'முக்கியமான கேள்விகள்' பி.டி.எஃப், பரீட்சைக்கு முந்தின அதே ரெண்டு ராத்திரி, வெளிய வந்ததும் 'இந்தத் தடவை போட்டுருவாங்க'ங்கிற அதே ரன்பாசை. ஊருக்கெல்லாம் பேர் வெச்சவன் என்னை எண்ணவே இல்லை.

காலேஜுக்குத் திரும்பினதும், நாலாவது தடவை எழுதின விடைத்தாளோட நகலை வாங்கிப் பார்த்தேன். அதுவரைக்கும் வாங்கினதே இல்லை, பயம். எனக்கு ஃபூரியர் தொடர் தெரியலைன்னுதான் நினைச்சுக்கிட்டு இருந்தேன். அது தெரிஞ்சுதான் இருக்கு. பிளஸ் டூ பெர்னோலி சூத்திரத்துல கூட்டல், கழித்தல், கூட்டல்னு குறி மாறி மாறி வரணும். நான் ரெண்டாவதுக்கு அப்புறம் எல்லாமே கழித்தல். ஒவ்வொரு பெரிய கணக்கும் அந்த இடத்துலதான் செத்துருக்கு. தமிழ் மீடியத்துல இருந்து வந்த என் ரூம்மேட், "இது பகுதித் தொகையிடல்டா, ஃபூரியரைத் தூக்கி ஓரமா வை"ன்னு சொல்லி, பிளஸ் டூ புத்தகத்தை எடுத்து ஒரு வாரம் உட்கார வெச்சான்.

'விடாமுயற்சி'ன்னு நம்மகிட்ட ஒரு அழகான சொல் இருக்கு. பிளாக்போர்டு மேல, பஸ்ஸுக்குப் பின்னாடி எல்லாம் எழுதுவாங்க. அதே மாதிரி முகத்தை வெச்சுக்கிட்டு பக்கத்துல இன்னொண்ணு நிக்கும், அதுக்குத்தான் சொல் இல்லை. எங்க ரூம் சார்பா நான் வைக்கிற பேர் 'விடாமுரண்டு'. ரெண்டுலயும் உழைப்பு இருக்கு, வியர்வை இருக்கு. விடாமுயற்சிக்காரன் ஒவ்வொரு தடவையும் எதையாவது மாத்துவான். விடாமுரண்டன் தேதியை மட்டும்தான் மாத்துவான். திருக்குறள்ல முயற்சியைப் பத்தின 'ஆள்வினையுடைமை' 62-ஆவது அதிகாரம். 'தெரிந்து செயல்வகை' 47-லயே வந்துருது. அதைப் பஸ்ல எழுதி நான் பார்த்ததில்லை.

நவம்பர்ல அஞ்சாவது தடவை எழுதிட்டேன். ரிசல்ட் இன்னும் வரல. எழுதப் போறதுக்கு முன்னாடி வீட்டுக்கு போன் பண்ணி, ரெண்டு இல்லப்பா, நாலுன்னு சொன்னேன். கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சத்தமே இல்லை. அப்புறம், "மோட்டார் வந்துருச்சுப்பா, நல்லா ஓடுது"ன்னார்.

உங்ககிட்டயும் இப்படி ஒரு பட்டன் இருக்கும், அமுக்கிக்கிட்டே இருப்பீங்க. பேர் வெச்சு எங்களுக்கு அனுப்புங்க. எண்றப்ப உங்களையும் சேர்த்து எண்ணுங்க.