உப்புக்கு மேல என்ன இருக்கு?

எங்கள் பக்கம், இரத்தோட்டைக்கு மேலே, மழைக்காலத்தில் உப்புப் போத்தல் நீர் விட்டுவிடும். அம்மா அதைச் சாய்த்து ஊற்றிவிட்டு மிச்சத்தை அடுப்போரம் வைப்பார். அதனால்தான், "திரவ உப்புப் பத்தி செமினார் செய்யப் போறேன்" என்று எங்களில் ஒருத்தி சொன்னபோது, நாங்கள் எல்லோரும் அந்தப் போத்தலைத்தான் நினைத்தோம்.

அவள் பேராதனையில் இரசாயனவியல் படிக்கிறாள். செமினார் ஆங்கிலத்தில். "முதல்ல உங்களுக்குத் தமிழ்ல சொல்லிப் பாக்குறேன். உங்களுக்கு விளங்கினா எனக்கு விளங்கியிருக்குன்னு அர்த்தம்" என்றாள். மாத்தளை திருகோணமலை வீதியில் ஒரு கடைக்கு மேலே உள்ள அறையில், ஒரு ஞாயிறு பின்னேரம் நாலு பேர் கூடினோம்.

முதலில் போத்தல் கதையை உடைத்தாள். அது தண்ணீரில் கரைந்த உப்பு. காற்றிலுள்ள ஈரத்தை உப்பில் கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைட்டு இழுத்துக்கொள்கிறது. அவள் சொல்லும் திரவத்தில் தண்ணீரே இல்லை. முழுக்க முழுக்க உப்பு; கற்றயனும் அன்னயனும் மட்டும். சாப்பாட்டு உப்பை உருக்க 801 பாகை செல்சியஸ் வேண்டும். ஆனால் 1914 இல் பவுல் வால்டன் என்பவர் எதைலமோனியம் நைத்திரேற்று என்ற உப்பைப் பற்றி எழுதினார். அது 12 பாகையிலேயே உருகிவிடும். எங்கள் ஊரில் அதை மேசையில் வைத்தால் தண்ணீர் மாதிரி கிடக்கும். 100 பாகைக்குக் கீழே உருகும் உப்புகளை அயன் திரவங்கள் என்கிறார்கள். அவற்றின் அயன்கள் பெரியவை, கோணல்மாணலானவை. சிலவற்றில் நீளமான காபன் சங்கிலி வால் மாதிரி தொங்கும். செங்கல் போல அடுக்க முடியாது. அடுக்க முடியாததால் சுலபமாக உறையாது.

"சரி, அதால என்ன பிரயோசனம்?" என்றான் இன்னொருவன். அவன் கண்டி வீதியில் ஒரு ஸ்பைஸ் கார்டனில் வழிகாட்டி. வெள்ளைக்காரர்களுக்கு ஏலக்காயும் சாதிக்காயும் காட்டுபவன்.

அவள் மலேசியாவைச் சொன்னாள். அங்கே பெற்றோனாஸ் நிறுவனம் இயற்கை வாயுவில் உள்ள பாதரசத்தை எடுக்க அயன் திரவத்தைப் பயன்படுத்துகிறது. பெல்ஃபாஸ்ட் குயின்ஸ் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து செய்த வேலை. வாயுவில் இருப்பது திரவத்துக்குள் போக வேண்டுமென்றால் மேற்பரப்பைத் தாண்டித்தான் போக வேண்டும். வீட்டுக்குள் எத்தனை அறை இருந்தாலும் வாசல் ஒன்றுதானே. அந்த வாசலில் யார் நிற்கிறார்கள் என்பதுதான் கேள்வி.

அதை அறிய ஒரு வழி திணிவு நிறமாலைமானி. துகள்களுக்கு மின்னேற்றம் கொடுத்து, திணிவின்படி பிரித்து எண்ணும் கருவி. அதற்கு வெற்றிடம் வேண்டும். தண்ணீரை வெற்றிடத்தில் வைத்தால் கொதித்து ஆவியாகிவிடும். அயன் திரவம் அநேகமாக அப்படியே கிடக்கும். சிலவற்றைச் சூடாக்கி வடிக்கலாம் என்று 2006 இல் காட்டினார்கள். ஆனாலும் சாதாரண வெப்பநிலையில் அதன் ஆவி மிக மிகக் குறைவு. அதனால் இந்தத் திரவத்தின் முகத்தை வெற்றிடத்தில் வைத்துப் பார்க்க முடிகிறது.

ஸ்கொட்லாந்தின் ஹெரியட்-வொட் பல்கலைக்கழகத்தினரும் அமெரிக்காவின் மொன்டானா மாநிலப் பல்கலைக்கழகத்தினரும் ஒட்சிசன் அணுக்களைத் திரவத்தின் மேல் வீசினார்கள். மொன்டானாக் கருவியில் அவற்றின் வேகம் செக்கனுக்கு ஏறக்குறைய 8 கிலோமீற்றர். மாத்தளையிலிருந்து கண்டிக்கு மூன்று, நாலு செக்கன். நாங்கள் சிரித்துவிட்டோம், எங்கள் பஸ்ஸை நினைத்து. மேலே காபன் வால் நீட்டிக்கொண்டிருந்தால், ஒட்சிசன் அதிலிருந்து ஓர் ஐதரசனைப் பிடுங்கிக்கொண்டு பறக்கும். 16 ஆகப் போனது 17 ஆகத் திரும்பி வரும். அந்த 17 களை எண்ணினால் மேலே எவ்வளவு வால் இருக்கிறது என்று தெரியும். வால் நீளமாக நீளமாக 17 கூடியது. உப்புதான், ஆனால் அதன் முகம் எண்ணெய் மாதிரி.

அப்போதுதான் ஸ்பைஸ் கார்டன்காரன் கேட்டான்: "அது மேல இருந்துதான் வந்துச்சுன்னு எப்படிச் சொல்ற? உள்ள போய்ச் சுத்திட்டும் வந்திருக்கலாமே?"

அவள் பேனாவைக் கீழே வைத்தாள். அவளுடைய குறிப்பில் அது இல்லை. கொஞ்ச நேரம் கட்டுரைகளைப் புரட்டிவிட்டுச் சொன்னாள்: "வேகத்தை வச்சு." மேலே தொட்டவுடன் பிடுங்கிக்கொண்டு போனது வேகமாக வரும். உள்ளே போய்த் தங்கியது திரவத்தின் சூட்டுக்கு அடங்கி மெதுவாக வரும். கருவிக்கு வந்து சேரும் நேரத்தை அளந்தால் இரண்டையும் பிரித்துவிடலாம்.

அவன் தலையாட்டினான். "பிளேன்டீ மாதிரி" என்றான். தம்புள்ளைப் பக்கத்துக் கடினமான கிணற்றுத் தண்ணீரில் போட்ட தேத்தண்ணியில் மெல்லிய ஆடை படியும். கரண்டியால் அள்ளினால் வருவது அநேகமாக தேத்தண்ணிதான். ஒரு கடதாசியை மெல்ல மேலே தொட்டு எடுத்தால் ஆடை மட்டும் வரும். "உங்க ஒட்சிசன் கடதாசி. சரியா?"

சரிதான். அந்த உதாரணம் எங்கள் யாருக்கும் வரவில்லை.

இன்னொன்றும் சொன்னாள். ஆரம்ப ஆய்வுகள் சிலவற்றில் மேற்பரப்பில் சிலிக்கன் தெரிந்தது. திரவத்தில் சிலிக்கனே இல்லை. எங்கிருந்தோ ஒட்டிய துளி சிலிக்கோன் அழுக்கு மேலே வந்து பரவியிருந்தது. மேலே தெரிவதை வைத்து முழுவதையும் முடிவு செய்யக் கூடாது. முழுவதையும் கரைத்து அளந்துவிட்டு மேலே இருப்பதும் அதுதான் என்றும் சொல்லக் கூடாது.

அன்று இரவு எங்களுக்கு நித்திரை வரவில்லை. சாதாரண தரத்தில் விஞ்ஞானத்துக்கு எங்கள் எல்லோரையும் விடக் கூடப் புள்ளி எடுத்தவன் அவன். எங்கள் பாடசாலையில் உயர்தர இரசாயனவியலைத் தமிழில் படிப்பிக்க ஆசிரியர் இல்லை. எங்களில் இருவர் தினமும் விடியற்காலை பஸ்ஸில் வேறு ஊருக்குப் போனோம். அவன் வீட்டில் பஸ் காசுக்கு வழியில்லை. அவன் கலைப்பிரிவில் சேர்ந்தான், பிறகு வேலைக்குப் போனான். "அவனுக்கு இதுல ஆர்வமில்ல" என்று நாங்களே பல தடவை சொல்லியிருக்கிறோம். காசுதான் காரணமா என்று ஒருவரும் அவனிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இரண்டு பேருடைய டியூசன் காசில் கொஞ்சம் மிச்சம் பிடித்திருக்கலாம். அப்போது அது தோன்றவில்லை. தோன்றாதது மாதிரி இருந்தோம் என்பதுதான் உண்மை.

செமினார் முடிந்து அவள் பஸ்ஸிலிருந்தே அவனுக்குக் கோல் எடுத்தாள். "உன்ட கேள்விதான்டா முதல்ல கேட்டாங்க." அவன் ஏதோ சுற்றுலாக் கூட்டத்தோடு நின்றான். "பதில் சொன்னியா?" என்று மட்டும் கேட்டான். சொன்னேன் என்றாள்.

எங்கள் வாசிகசாலையில் சாதாரண தரப் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமை வகுப்பு நடக்கிறது. அடுத்த வகுப்பை அவனை எடுக்கச் சொன்னோம். கொண்டுவர வேண்டியவை: உப்புப் போத்தல், பிளேன்டீ, கடதாசி. ஒருநாள் சம்பளத்தையும் பஸ் காசையும் நாங்கள் தருவதாகச் சொன்னோம்.

"லேட்டாக் கேக்குறீங்க" என்றான்.

வருகிறானாம். தம்புள்ளைத் தண்ணீர் இரண்டு போத்தல் எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறான்.