நரி வெருட்டும் நேரம்

எங்கள் வீட்டில் இப்போது இரவு துண்டு துண்டாகத்தான் வருகிறது. ராத்தாவின் மகனுக்கு ஆறு வாரம். உயர்தரப் பரீட்சைக்காக விழித்திருந்து படிக்கும் எனக்கு, ஊர்காவற்றுறையின் சோளகக் காற்றையும் மீறி அவனுடைய முனகல்தான் கேட்கும். முகம் சிவக்கும், கால்கள் உதைக்கும், உதடு சிரிக்கும், உடனே அழுவதுபோல் கோணும். ராத்தா பதறி எழுந்து தூக்குவார். அதன்பிறகுதான் அவன் உண்மையாகவே விழித்து அழுவான்.

பகலில் பிள்ளை பார்க்க வருபவர்கள், "பால் காணாது போல, மாப்பால் குடுத்துப் பாருங்க" என்பார்கள். கேட்டுக் கேட்டு ராத்தாவுக்கே தன் பாலில் சந்தேகம் வந்துவிட்டது. யாரும் பார்க்காத நேரத்தில் அழுவார்.

வீட்டுக்கு வந்த மருத்துவமாது பதிவேட்டைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "நிறை ஏறுது, நல்லாச் சலமும் போறான். பால் காணும் தங்கச்சி. அவன் எழும்பேல்லை, நித்திரையிலதான் முனகுறான்."

அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு நான் தேடி வாசித்தேன். பிறந்த குழந்தை ஒரு நாளில் 14 முதல் 17 மணித்தியாலம் வரை தூங்கும். வயிறு சிறியது என்பதால், சில மணித்தியாலத்துக்கு ஒருமுறை பாலுக்கு எழும்பும். அதன் தூக்கத்தில் ஏறக்குறையப் பாதி, கண்கள் இமைக்குள் அசையும் சலனமான தூக்கம். பெரியவர்களுக்கு அது காற்பங்கு அளவுதான். சிக்காகோ பல்கலைக்கழகத்தில் அசரின்ஸ்கி என்ற மாணவர் தூங்கும் குழந்தைகளின் இமைகளைக் கவனிப்பதில் ஆரம்பித்து, 1953இல் தம் ஆசிரியர் கிளைட்மனுடன் இந்தத் தூக்கத்தைப் பற்றி எழுதினார். நம் யாழ்ப்பாணத்துப் பாட்டிமாரோ, பிள்ளை நித்திரையில் சிரித்து அழுவதைப் பார்த்து "நரி வெருட்டுது" என்று எப்போதோ பெயர் வைத்துவிட்டார்கள்.

இரவு பகல் அறியும் உடற்கடிகாரமும் குழந்தைக்குப் பிறக்கும்போதே அமைவதில்லை. இரண்டு மூன்று மாதங்களில்தான் மெல்ல உருவாகும். அதனால் பகலில் வெளிச்சமும் பேச்சுமாக வைத்திருக்கிறோம். இரவில் மங்கிய விளக்குத்தான், கைபேசி வெளிச்சம் இல்லை.

இப்போது முனகல் கேட்டால் ராத்தா உடனே தூக்குவதில்லை. சற்றுப் பார்த்திருப்பார். பல தடவை அவன் தானாகவே அடங்கிவிடுவான். வாயைத் திறந்து தேடினால், கையைச் சூப்பினால் பசி என்று அறிந்து பால் கொடுப்பார். மல்லாக்காகவே படுக்க வைப்பார். முகத்தருகே தலையணையோ தளர்ந்த துணியோ வைப்பதில்லை. ஆனால் காய்ச்சல், பால் குடிக்காமை, மூச்செடுக்கும்போது நெஞ்சு உள்ளே இழுபடுதல், உதடு நீலமாதல் ஆகியவற்றை நரி வெருட்டுவதாக எண்ணக் கூடாது. இரவென்றும் பாராமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும்.

தோழியரே, நாளை நாமும் பிள்ளை பார்க்கப் போவோம். "பால் காணுமா?" என்று தாயைக் கேட்க வேண்டாம். "நீங்க நித்திரை கொண்டீங்களா?" என்று கேட்டு, ஒரு மணித்தியாலம் பிள்ளையை நம் மடியில் வாங்கிக்கொள்வோம்.